பதினைந்தாவது இலக்கத்துக்கு அப்புறம்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பனியன் கம்பெனிகளில் வாரக் கூலிக்காரர்கள் நிறைய. அதனால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரிடமும் பேச்சுக் கொடுக்க முடியாது. ஒரு காலத்தில் கவரில் பணம் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது பல இடங்களில் எக்செல் ஷீட் ஒன்றைத் தயார் செய்து வங்கியின் தளத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தால், கூட்டிக் கழிக்க வேண்டிய எண்கள் அதில் கொஞ்சம்தான். வேலை பார்த்த நாள், ஓவர்டைம், பிடித்தம், கைக்கு வரும் தொகை. மற்றதெல்லாம் ஆளை அடையாளம் சொல்லும் எண்கள். ஆதார் 12 இலக்கம், பிஎஃப்புக்கான யுஏஎன் 12, இஎஸ்ஐ எண் 10. வங்கிக் கணக்கு எண்ணுக்கு ஒரே நீளம் கிடையாது. ஸ்டேட் பேங்க் என்றால் 11 இலக்கம், ஹெச்டிஎஃப்சி 14, ஐஓபி 15, பஞ்சாப் நேஷனல் பேங்க் 16. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் ஊரிலேயே தொடங்கிய கணக்கோடுதான் வருவார்கள். ஆகவே 16 இலக்கக் கணக்கு எண் என்பது எங்கள் ஊர் ஷீட்களில் அன்றாடம் பார்க்கிற விஷயம்.

எக்செல்லைத் திறந்து ஒரு புது ஷீட்டில் 1234567890123456 என்று அடித்து என்டர் தட்டுங்கள். செல்லில் 1.23457இ+15 என்று வரும்; ஆங்கில இ எழுத்துக்கு அப்புறம் இருப்பது பத்தின் அடுக்கு. அதைச் சொடுக்கி மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள்: 1234567890123450. கடைசியில் இருந்த 6 போய்விட்டது. எச்சரிக்கை கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது, கேள்வியும் கிடையாது. அதற்கப்புறம் அந்த செல்லின் ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் 6 திரும்பி வராது. போனது போனதுதான்.

சம்பள ஷீட்டில் இது நடந்தால் என்ன ஆகும்? பூஜ்யத்தில் முடியும் அந்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பி வந்துவிடும். திங்கட்கிழமை சத்தம் போட்டுச் சரிசெய்யலாம். அந்த எண்ணில் வேறு யாருக்காவது கணக்கு இருந்தால்? பெயர் பொருந்தாது, வங்கியே நிறுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போன்ற மின்னணுப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு. அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று பிறகு உத்தரவு போட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முந்நூறு வரி இருக்கும் ஷீட்டில் ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து பார்க்க அந்த வெள்ளிக்கிழமை மாலையில் ஆள் வேண்டுமே.

சரி, ஏன் 15? எக்செல் எல்லா எண்களையும் ஒரே வடிவத்தில்தான் வைத்துக்கொள்கிறது. உங்கள் வயதும் ஆதார் எண்ணும் நூல் விலையும் அதற்கு ஒரே சாதி. 64 பிட் கொண்ட அந்த வடிவத்தை 1985இல் ஐஇஇஇ 754 என்ற தரமாக்கினார்கள். அதன் பின்னால் இருந்த முக்கியமான மூளை வில்லியம் கஹான்; இந்தத் துறையில் செய்த வேலைக்காக அவருக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது. 64 பிட்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கு, 11 பிட் அடுக்குக்கு, மிச்சமிருக்கும் 52 பிட் எண்ணின் இலக்கங்களுக்கு. சொல்லாமலே உடன்வரும் ஒரு பிட்டையும் சேர்த்தால் 53. இரண்டின் 53ஆவது அடுக்கு 9007199254740992. அதுவரை உள்ள முழு எண்கள் ஒன்றுவிடாமல் துல்லியமாக நிற்கும். அதைத் தாண்டியதும் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லை. இன்னும் மேலே போகப் போக இடைவெளி நான்கு, எட்டு என்று அகன்றுகொண்டே போகும். அந்த எல்லை 16 இலக்க எண்களின் நடுவில் எங்கோ விழுகிறது. 15 இலக்கம் என்றால் எந்த எண்ணுக்கும் உத்தரவாதம் உண்டு, 16 என்றால் எல்லாவற்றுக்கும் கிடையாது. எக்செல் 15 என்று கோடு போட்டுவிட்டு, அதற்கு மேல் அடித்தால் பூஜ்யம் வைத்துவிடுகிறது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் கால்க் இரண்டும் இதே வடிவத்தை நம்பியவைதான் என்பதால் அங்கே ஓடிப்போயும் பயனில்லை.

கணினிக்காரர்களுக்கு மட்டும் இது விளங்கிவிட்டது என்றும் இல்லை. 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை நீளமாக்கியபோது, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் இதே 53 பிட்டில் முட்டிக்கொண்டு நின்றது. எண்ணாக ஒருமுறை, எழுத்துச் சரமாக ஒருமுறை என்று ஒரே அடையாளத்தை இரண்டு தடவை அனுப்பித்தான் சமாளித்தார்கள்.

இந்த எல்லையைக் கண்ணால் பார்க்க நல்ல பயிற்சி அம்பலப்புழை பால்பாயசக் கதை. சதுரங்கத்தில் தோற்ற அரசனிடம் கிழவனாக வந்த கிருஷ்ணன் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கேட்டானே, அந்தக் கதை. முதல் செல்லில் 1 போட்டு, கீழே அதன் இரட்டிப்பு, அப்படியே 64 வரிக்கு இழுத்துவிடுங்கள். ஃபார்மட்டை தசமம் இல்லாத எண் என்று வையுங்கள். ஐம்பதாவது கட்டம் வரை எல்லாம் சரி. ஐம்பத்தோராவதில் 1125899906842620 என்று காட்டும்; உண்மையில் அது 24இல் முடிய வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே எக்செல் சரியான எண்ணைத்தான் வைத்திருக்கிறது. இரண்டின் அடுக்குகள் எல்லாம் அந்த வடிவத்தில் அச்சாகப் பொருந்தும். காட்டும்போதுதான் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் அந்தச் சலுகையும் இல்லை. விடை 18446744073709551615, எக்செல் காட்டுவது 18446744073709600000. நீங்களாக அடித்தால் வெட்டும், கணக்குப் போட்டு வந்தால் கிட்டத்தில் உள்ளதற்கு நகர்த்திக் காட்டும். அரசன் தர வேண்டிய அரிசியை நெல்மணி சுத்தமாக எண்ண வேண்டும் என்றால் பைத்தான் நிரல்மொழியில் 2**64-1 என்று ஒரு வரி போதும். அதன் முழு எண்களுக்கு நீள வரம்பு இல்லை.

ஆனால் எங்கள் வேலையில் அவ்வளவு நீளமான எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ வேண்டிய நாள் வருவதேயில்லை. கணக்கு எண்ணை யாராவது சராசரி பார்ப்பார்களா? கூட்டத் தேவையில்லாத எதையும் எண்ணாக வைக்க வேண்டியதில்லை. செல்லில் எழுத்தாக, டெக்ஸ்டாக வைத்துவிடலாம். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, எதையும் அடிப்பதற்கு முன், ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லை, எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். டெக்ஸ்டாக்கியாச்சு, இனி கவலையில்லை என்று நினைப்பதற்கு அப்புறம்தான் எனக்குப் பயமே தொடங்குகிறது.

முதல் இடம் சிஎஸ்வி, அதாவது ஷீட்டை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை. யுஏஎன் 12 இலக்கம்தானே, 15க்குள் அடங்கிவிடுமே என்று அதை எண்ணாகவே விட்டுவைப்பவர்கள் உண்டு. எக்செல் தானாக வைக்கும் ஜெனரல் ஃபார்மட்டில் 11 இலக்கம் வரைதான் முழுதாகத் தெரியும். 12 ஆனதும் 101234567890 என்பது 1.01235இ+11 என்று சுருங்கும். இது வெறும் தோற்றம், செல்லுக்குள் எண் பத்திரமாக இருக்கிறது. இந்த நிலையில் ஷீட்டை சிஎஸ்வியாகச் சேமித்தால், எக்செல் கண்ணுக்குத் தெரிவதைத்தான் கோப்பில் எழுதும். 1.01235இ+11 என்று. அடுத்து திறக்கிறவருக்கு அது 101235000000. தோற்றமாக இருந்தது இப்போது நிஜமாகிவிட்டது. பதினைந்து இலக்கம்கூட இல்லை, ஆறே இலக்கத்தோடு ஒரு தொழிலாளியின் பிஎஃப் கணக்கு நின்றுவிடும். ஆதார், இ-வே பில் எண் எல்லாமே 12 இலக்கம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிஎஸ்வியைத் திறப்பதிலும் இதே சங்கடம். நீங்கள் டெக்ஸ்டாக வைத்திருந்தீர்கள் என்ற செய்தி சிஎஸ்விக்குள் போகாது. அதில் வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். மின் இணைப்பு எண்ணில் மண்டல எண்ணே 01, 03 என்று பூஜ்யத்தில் தொடங்கும். அந்தப் பூஜ்யம் காலி. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கமும் காலி. திறந்தவர் ஒன்றுமே மாற்றாமல் சேமித்தால்கூட மூலக்கோப்பு கெட்டுவிடும். அதனால் டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியில் போய், அந்த நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் என்று சொல்லித்தான் கொண்டுவர வேண்டும். அங்கேயும் அது முந்திக்கொண்டு வகை மாற்றும் படி ஒன்றைத் தானே சேர்த்து வைத்திருக்கும், அதைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். பெரிய உபத்திரவம்.

இரண்டாவது இடம் செல்லின் மூலையில் வரும் பச்சை முக்கோணம். எண் டெக்ஸ்டாக இருக்கிறது என்று எக்செல் அங்கலாய்க்கும். சொடுக்கினால் எண்ணாக மாற்றட்டுமா என்று முதல் ஆளாகக் கேட்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த, ஒழுங்கு பார்க்கிற பிள்ளைகள்தான் இதில் மாட்டுவார்கள். ஷீட் சுத்தமாக இருக்கட்டும் என்று மொத்த நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கு. அந்தப் பிழை கண்டுபிடிப்பை அமைப்புகளில் போய் அணைத்துவைப்பது நல்லது.

மூன்றாவது யாரும் எதிர்பார்க்காத இடம். கவுன்ட்இஃப். ஒரே கணக்கு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் எல்லோரும் போடுவார்கள். செல்களில் எண்கள் டெக்ஸ்டாக இருந்தாலும், எண் போலத் தெரிந்தால் கவுன்ட்இஃப் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். அப்போது அந்த 15 இலக்க வரம்பும் கூடவே வந்துவிடும். ஒரே கிராமத்து அண்ணன் தம்பி இருவர், ஒரே கிளையில் ஒரே நாளில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். எண்கள் அடுத்தடுத்து வந்து, 16ஆவது இலக்கத்தில் மட்டும் வித்தியாசப்படலாம். கவுன்ட்இஃப் இரண்டும் ஒன்று என்று சொல்லும். இரட்டைப் பதிவு என்று ஒருவரை நீக்கிவிட்டால், தரவு முழுக்க சரியாக இருந்தும் தம்பிக்கு அந்த வாரம் சம்பளம் இல்லை. இதற்குச் சம்ப்ராடக்ட்டில் நேராகச் சமக்குறி போட்டு ஒப்பிட வேண்டும். டெக்ஸ்டை டெக்ஸ்டாகவே பார்க்கும். ஒரு ஷீட்டில் உள்ளதை இன்னொன்றில் தேடும் வி-லுக்கப்பில் இதற்கு நேர்மாறான தொல்லை: ஒரு ஷீட்டில் எண், இன்னொன்றில் டெக்ஸ்ட் என்றால் கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிடும். அது பரவாயில்லை, கத்திச் சொல்கிற பிழை.

சம்பளத்தை விட்டுப் பேக்கிங் பக்கம் போனால் கதை இன்னும் சுவாரசியம். வெளிநாட்டுப் பையர்களுக்குப் போகும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் எஸ்எஸ்சிசி என்று ஒரு 18 இலக்க எண் ஒட்டுவார்கள். முதலில் ஒரு நீட்டிப்பு இலக்கம், அப்புறம் கம்பெனிக்கான முன்னொட்டு, அப்புறம் பெட்டியின் வரிசை எண், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். உதாரணத்துக்கு ஒரு பெட்டி 389012345600001233, அடுத்த பெட்டி 389012345600001240. 1 கூடவில்லையே, 7 கூடியிருக்கிறதே என்றால், கடைசி இலக்கம் சோதனைக்கானது. வரிசை எண் 123லிருந்து 124 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஜெனரல் ஃபார்மட் செல்லில் அடித்தால் இரண்டுமே 389012345600001000 ஆகிவிடும். வெட்டுப்படுவது மூன்று இலக்கம்: சோதனை இலக்கமும், வரிசை எண்ணின் கடைசி இரண்டும். அதாவது நூறு பெட்டிக்கு ஒரே எண்.

சோதனை இலக்கம் எதற்கு இருக்கிறது, அது காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். காட்டிக்கொடுக்கும். இலக்கங்களை மாறி மாறி 3ஆலும் 1ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. பூஜ்யமாகிப்போன நம் எண்ணுக்கு அங்கே 4 வர வேண்டும். 0 இருப்பதால் ஸ்கேனர் தள்ளிவிடும். ஆனால் பல லேபிள் மென்பொருள்கள் முதல் 17 இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பதினெட்டாவதைத் தாங்களே போட்டுக்கொள்ளும். ஷீட்டிலிருந்து 38901234560000100 என்று கெட்டுப்போன எண் போனால், பொறுப்பாக 4ஐச் சேர்த்து, ஸ்கேனருக்குக் குற்றமே தெரியாத நூறு ஸ்டிக்கரை அடித்துத் தரும். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பையரின் கிடங்கில் இறக்கும்போதுதான் முதல் பெட்டி சரி, இரண்டாவது பெட்டி ஏற்கெனவே வந்துவிட்டதே என்று கணினி சொல்லும். பிழையைப் பிடிக்க வைத்த இலக்கமே பிழைக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

பேக்கிங்காரர்களுக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. குழந்தைகள் உடுப்பில் அளவு என்பது 3-4, 5-6, 7-8 என்று வயதில் இருக்கும். எக்செல்லுக்கு 3-4 என்றால் ஏப்ரல் 3. 5-6 ஜூன் 5. பேக்கிங் லிஸ்ட்டில் அளவு என்ற தலைப்பின் கீழ் தேதிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத மெர்ச்சண்டைசர் கிடையாது. 24, ஆங்கில இ, 03 என்று ஒரு ஸ்டைல் எண் இருந்தால் அது 24000 ஆகிவிடும். சிரிப்பு இங்கே மட்டும் இல்லை. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்று பெயருள்ளவை இருந்தன. எக்செல் அவற்றையும் தேதியாக்கியது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடைசியில் 2020இல் பெயரிடல் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. மென்பொருள் மாறும் என்று காத்திருந்து சலித்துப்போயிருப்பார்கள் போல.

மென்பொருளும் மாறியது, மூன்று வருடம் கழித்து. 2023 இறுதியில் எக்செல் தானாக மாற்றும் பழக்கத்தை நிறுத்திவைக்க அமைப்புகளில் சில தேர்வுகள் வந்தன. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை நீக்காதே, நீண்ட எண்ணை 15 இலக்கத்தோடு வெட்டாதே, இ எழுத்தைப் பார்த்து அடுக்கு என்று நினைக்காதே, தேதியாக்காதே. டேட்டா பிரிவில் இருக்கின்றன. இருந்தும், கேட்காமலே இதெல்லாம் நடப்பதுதான் இன்றுவரை வழக்கம். நாமாகப் போய்த்தான் அணைக்க வேண்டும். அதுவும் என் கணினியில் நான் அணைத்தால் என் கணினிக்கு மட்டும். ஆடிட்டர் ஆபீஸில், காண்ட்ராக்டர் லேப்டாப்பில், வங்கி மேலாளர் மேசையில் அது பழையபடியே இருக்கும். ஒரு கணக்கு எண் ஐந்து கைகள் மாறுகிறது என்றால் ஐந்து இடத்திலும் அது தப்ப வேண்டும்.

ஆகவே அனுப்பும் முன் கடைசியாகப் பார்ப்பதற்கு இரண்டு நெடுவரிசைகள் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒன்றில் எண்ணின் நீளம். வங்கிவாரியாக வடிகட்டினால் 11, 14, 15, 16 என்று ஒரே சீராக வர வேண்டும். எங்காவது ஒன்று குறைந்தால் முன்னால் பூஜ்யம் போயிருக்கிறது. இன்னொன்றில் கடைசி இலக்கம் மட்டும். நீளம் பார்த்தால் பதினாறாவது இலக்கம் பூஜ்யமானது தெரியாது, ஏனென்றால் நீளம் 16ஆகவே இருக்கும். கடைசி இலக்கங்களைப் பிவட் அட்டவணையில் எண்ணிப் பார்த்தால் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும், பூஜ்யத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. ஒரு வங்கியின் அறுபது கணக்கில் அறுபதும் பூஜ்யத்தில் முடிந்தால் அந்த ஷீட்டை ஏற்றாமல், அது எந்தக் கோப்பிலிருந்து வந்ததோ அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பாதி மட்டும் அப்படி என்றால் இன்னும் கவனம்: யாரோ நடுவில் சில வரிகளை மட்டும் வேறு இடத்திலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பாதிக்குப் பாஸ்புக் நகலை எடுத்து வைத்துக்கொண்டு கையால்தான் அடிக்க வேண்டும். ஷீட்டுக்குள்ளிருந்து அந்த இலக்கத்தை மீட்டெடுக்க எந்த ஃபார்முலாவும் கிடையாது.